ஆவணியில் எரிஞ்ச வைக்கல்

நறுவிலிக்குளத்தில எங்கட வயலுக்கு ஒரே ஒரு வருசம் புல்லெண்ணெய், அதுதான் களை சாக அடிக்கிற மருந்து, அடிக்கேல்லை. அந்த ஒரு வருசத்துக்காகத்தான் செத்துப்போன என்ர மனிசனோட நான் இண்டைக்கும் சண்டை பிடிக்கிறன்.

அவருக்குக் கிட்னி பழுது. இனி மருந்தடிக்கிற டாங்கியைத் தோளில போடவே கூடாது எண்டு டொக்டர் முகத்துக்கு நேர சொன்னவர். உள்ளுக்க ஓம் ஓம் எண்டு தலையாட்டிப்போட்டு, வெளியில வந்து, "அப்ப புல்லை ஆர் பிடுங்கிறது, மடு மாதாவோ?" எண்டு என்னில பாய்ஞ்சார்.

புல்லை அடக்கத்தான் நான் அறுத்த நெல்லு வைக்கலை வயலில விட்டனான். எங்கட பக்கத்தில அறுவடை முடிஞ்சால் வைக்கலைக் கொளுத்திப்போட்டுத்தான் மறுவேலை. கரியாய்க் கிடந்தால்தான் அது கமக்காரன்ர வயலாம். நான் கொளுத்த விடேல்லை. வயல் முழுக்கப் பரப்பி, மாடு இறங்காமல் முள்ளு அடைச்சு, முதல் மழைக்கு ரக்டர் பிடிச்சு உழுது மண்ணுக்குள்ள தாட்டன். அந்த முறை புல்லு அரைவாசியும் வரேல்லை. வந்ததை நானே குனிஞ்சு பிடுங்கினன். அவர் வரம்பில நிண்டு பார்த்தார். நல்லாயிருக்கு எண்டொரு சொல்லு வாயில வரேல்லை.

என்ர பிழையையும் சொல்லவேணும். ஞாயிறு பூசை முடிஞ்சு கோயில் வளவில ஆம்பிளையள் விசாரிக்கேக்க, அவரைப் பக்கத்தில வைச்சுக்கொண்டே, "இவருக்கென்ன தெரியும், எல்லாம் என்ர யோசனை" எண்டு சொல்லிப்போட்டன். வாய்க்கொழுப்பு, வேறென்ன. அதுக்குப் பிறகு தேத்தண்ணிக்கடையில அவருக்குப் பகிடிதான். "வைக்கல் கொளுத்தவும் மனிசியிட்டக் கேக்கவேணுமோ?"

அடுத்த ஆவணித் திருநாளுக்கு நான் மடு மாதா கோயிலுக்குப் போனன். நேர்த்தி வைச்சது அவற்ற கிட்னிக்கு. திரும்பி வந்து பஸ்ஸால இறங்கேக்கயே புகை மணந்தது. மழைக்கு உழுது தாக்கவெண்டு நான் பரப்பி வைச்ச வைக்கல் எரிஞ்சு வயல் கரியாய்க் கிடந்தது. அவர் படலையில நிண்டு, "இப்பதான் வயல் மாதிரி இருக்கு" எண்டார்.

மழைக்கு நெல்லை மூடிக்கொண்டு புல்லு எழும்பினது. குனிஞ்சு குனிஞ்சு நாரி முறியப் பிடுங்கியும் முடியேல்லை. நான் சந்தைக்குப் போன நேரம் பார்த்து டாங்கியைத் தோளில போட்டிட்டார். ஒருநாளில்லை, நாலு நாள்.

பங்குனிக்குள்ள ஆஸ்பத்திரியில படுத்திட்டார். பக்கத்துக் கட்டிலில முசலிப் பக்கத்து முஸ்லிம் கமக்காரர் ஒருவர். அவரிட்ட இவர் மூச்சு வாங்கி வாங்கிச் சொல்லுறார்: "வைக்கலைக் கொளுத்தாதேங்கோ நானா. உழுது தாட்டால் புல்லு அடங்கும். நான் செய்து பார்த்தனான்."

அந்தக் கமக்காரர் என்னைப் பார்த்து, "உங்கட வீட்டுக்காரர் கெட்டிக்காரர்" எண்டார்.

ஓம் எண்டு சொல்லிப்போட்டு இடியப்பப் பார்சலைப் பிரிச்சன். இவர் தொடேல்லை. அடுத்த நாள் முடிஞ்சுது.

விசர் மனிசன். அந்தச் சொல்லை, தான் செய்ததெண்டே, வயல் வரம்பில நிண்டு ஊருக்கே சொல்லியிருக்கலாம், நான் வாய் திறந்திருக்க மாட்டன்.