தொட்டிலுக்கு மரம்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

பள்ளிப்படிப்பு அதிகமில்லாத தச்சன் நான். எழுத்தில் பிழையிருப்பின் பொறுத்தருள்க.

அறுபதுகளின் இறுதியில் நாங்கள் கண்டரமாணிக்கத்தில் குடியிருந்தோம். பெற்றோர் காலமான பின் என் ஒரே தங்கைக்கு நானே பொறுப்பாளன். சிங்கம்புணரியில் நல்ல இடம் அமைந்து, தையில் திருமணம் எனப் பேசி முடித்திருந்தோம். அந்நாளில் எங்கள் வீட்டில் இழைப்புளியின் ஓசையும் அவள் சிரிப்பும் ஓய்ந்ததில்லை. தேக்குச் சுருளின் மணம் வரும்போதெல்லாம் இன்றும் அச்சிரிப்பு என் காதில் கேட்கிறது.

ஆவணியில் அவள் வயிறு பருக்கத் தொடங்கியது. ஊருணிக்குத் தண்ணீர் எடுக்கப் போனவளிடம் பக்கத்து வீட்டுக்காரி, "என்னடி, ஒங்கண்ணன் தொட்டிலுக்கு மரம் வாங்கிட்டாரா?" என்று கேட்டாளாம். தங்கை வெறுங்குடத்தோடு திரும்பினாள்.

சிவகங்கையில் ஒரு டாக்டரம்மா சோதித்துப் பார்த்து, இது கருவன்று, சினைப்பையில் வளர்ந்த கட்டி என்றார். பெரும்பாலும் தீங்கற்றதாகவே இருக்கும். மறுபக்கத்துச் சினைப்பை நலமாயிருந்தால் பிள்ளைப்பேற்றுக்குத் தடையில்லை. ஆயினும் வயிற்றைத் திறந்து பார்த்தால்தான் உறுதி சொல்ல இயலும் என்றார்.

மறைப்பது முறையன்று எனக் கருதி, மாப்பிள்ளையின் தாயாரிடம் சென்று, ஊர்ப்பேச்சு உட்பட யாவற்றையும் கூறினேன். அவர், "என்னைக்கு அறுக்குறாக?" என்று மட்டும் கேட்டார்.

அறுவை நாளில், காலையின் முதல் பஸ்ஸிலேயே அவர் வந்திறங்கி, அறுவைக் கூடத்தின் வாயிலில் பெஞ்சியில் அமர்ந்துகொண்டார். மனம் உறுத்தியோ, வேடிக்கை பார்க்கவோ, பக்கத்து வீட்டுக்காரியும் துணைக்கென வந்திருந்தாள். சம்பந்தத்தை முறிக்கவே அம்மையார் வந்துள்ளார் என நான் கலங்கினேன்.

கதவு திறந்தது. கையில் எனாமல் தட்டுடன் நர்ஸ் பின்தொடர, டாக்டரம்மா, "பொண்ணோட அம்மா யாரு?" என்றார்.

நான் வாய் திறக்குமுன், "நாந்தேன்" என்று அம்மையார் எழுந்து நின்றார்.

தட்டில் தேங்காயளவில் வழவழப்பான வெண்ணிறக் கட்டி. அந்தப் பக்கத்துச் சினைப்பையோடு எடுத்தாயிற்று, மறுபக்கம் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டரம்மா. அம்மையார் குனிந்து நிதானமாகப் பார்த்தார். பிறகு பக்கத்து வீட்டுக்காரியிடம் திரும்பி, "இதுக்குத்தானா ஆத்தா ஊருல அம்புட்டுப் பேச்சுப் பேசுனீக? இங்குட்டு வந்து நல்லாப் பாரு. ஊருணியில போயிச் சொல்லணும்ல?" என்றார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கண்ணத் தொடைங்க தம்பி. தையில ஆகாட்டி வைகாசியில வச்சுக்கிருவோம். தொட்டில மட்டும் வேங்கையில செய்யுங்க. மாம்பலகையப் போட்டு ஏமாத்திப்புடாதீக" என்று என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

கட்டியைச் சோதித்த முடிவும் தீங்கற்றது என்றே வந்தது. வைகாசியில் திருமணம் நடந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் முதற்பிள்ளை பிறக்க, வேங்கையிலேயே தொட்டில் செய்து கொண்டுபோனேன். விரல் கணுவால் தட்டிப் பார்த்த பிறகே அம்மையார் அதை உள்ளே எடுத்துவரச் சொன்னார்.

அவர் இப்போது இல்லை. தொட்டில் இருக்கிறது. தாயில்லாத பெண்ணுக்காக அன்று அவர் எழுந்து நின்றதைக் கண்டவர்களில் நான் ஒருவனே எஞ்சியுள்ளேன். ஆகவே உங்கள் ஆவணக் காப்பகத்தில் இக்குறிப்பைப் பத்திரமாக வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.