கழுதையிடம் சொன்னது

எங்கள் வீட்டு வாசற்கதவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் கூடை இருக்கிறது. குளிர்காலத்துத் தொப்பி, கழுத்துத் துணி, சோடி இழந்த காலுறை எல்லாம் அதற்குள் கிடக்கும். அடியில் ஒரு மண்ணிறக் கம்பளிக் கையுறையும் இருக்கிறது. இடது கைக்கு உரியது. அதற்குப் பெருவிரல் இல்லை. பெருவிரல் இருந்த இடத்தில் நாலைந்து நூல்கள் பூனை மீசை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு மாரியும் மகள் அதைக் குப்பையில் போடுவாள். அவள் வேலைக்குப் போனதும் நான் எடுத்துத் திரும்பக் கூடைக்குள் வைப்பேன். எட்டு வருடமாக இது நடக்கிறது. இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அது என் சம்பந்தியம்மாவின் கையுறை. மருமகனின் தாய். மன்னாரில் பூமிசாஸ்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் பனிப் பிரதேசங்களைப் பற்றிக் கரும்பலகையில் எழுதிவிட்டு, முதன்முதலாகப் பனியைத் தொட்டது மகனைப் பார்க்க இந்தக் குளிர் தேசத்துக்கு வந்த பிறகு, எங்கள் டோர்செட் பார்க் மாடிக் கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்தில். நான் யாழ்ப்பாணத்துப் பக்கம். ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு பள்ளிக்கூடம் என்னைத் தேடவில்லை, நானும் அதைத் தேடவில்லை. வீட்டில் இரண்டே அறைகள். ஒன்றில் மகளும் மருமகனும். மற்றதில் அவர், நான், எங்கள் இருவருக்கும் பொதுவான ஆறு வயதுப் பேத்தி. யன்னல் விளிம்பில் அவருடைய மாதா ஒரு கரையில், என்னுடைய பிள்ளையார் மறு கரையில், நடுவில் பேத்தியின் பிளாஸ்ரிக் குதிரை. சண்டை வராமல் பார்த்துக்கொண்டது அந்தக் குதிரைதான் என்று நான் சொல்வதுண்டு.

உண்மையில் சண்டை எங்களுக்குள் வரவே முடியாது. சம்பந்திமார் சண்டை பிடிக்க முதலில் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும். நாங்கள் பேசவில்லை, உபசரித்தோம். அவர் கதிரையில் இருக்கும்வரை நான் இருக்க மாட்டேன், நான் இருக்கும்வரை அவர் இருக்க மாட்டார். இப்படி எத்தனையோ தேத்தண்ணி நின்றபடியே ஆறிப்போனது. ஒவ்வொரு காலையும் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டும்போது, "இருங்கோ சம்மந்தி, ஊரிலை என்ன அவசரம்" என்பேன். அவர் தலையை ஆட்டுவார். அதை முறைக்குத்தான் சொன்னேன். உள்ளுக்குள் எனக்கு வேறு எண்ணம் இருந்தது, ஒளிப்பானேன். அவர் வரும் முன்பு பேத்தி ஏழு நாளும் என் கட்டிலில் படுத்தாள். அவர் வந்து எரிமலையும் திமிங்கிலமுமாகச் சொல்லத் தொடங்கிய பிறகு எனக்குக் கிடைத்தது கிழமைக்கு மூன்று நாள். திமிங்கிலத்தோடு போட்டி போட என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அந்த மாசி மாதம், அவருடைய விசா முடிய இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. நீட்டிக்க வேண்டுமானால் புதன்கிழமைக்குள் பேப்பரில் கையெழுத்து வைத்து அனுப்ப வேண்டும். மருமகன் தாயிடம் கேட்டால், "உங்கட விருப்பம்" என்பார். மகள் கேட்டாலும் அதே பதில். மருமகன் பிறம்ரனில் ட்றக் ஓடுகிறவர். வீட்டில் நிற்பதே குறைவு, பேச்சு அதைவிடக் குறைவு. ஃபமிலி டே விடுமுறைக்கு எல்லோரையும் நகரத்துக்கு வெளியே ஒரு பண்ணைக்குக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. முதல்நாள் குசினிக்குள் வந்து என்னிடம் மெல்லச் சொன்னார்.

"மாமி, அம்மான்ரை மனசிலை என்ன கிடக்கெண்டு எனக்கு விளங்கேல்லை. நீங்கள் கதையோடை கதையா கேட்டுச் சொல்லுங்கோ. நிக்க விருப்பமோ, போக விருப்பமோ?"

அடுத்தவர் மனதுக்குள் எட்டிப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்பது மருமகனுக்குத் தெரிந்திருந்தது. இப்படி ஒரு வேலையை ஒருவரும் எனக்கு அதுவரை தந்ததில்லை. வாழ்நாள் முழுவதும் ஒருவரும் கேட்காமலே நான் செய்துவந்த வேலை அது.

மறுநாள் புறப்பட்ட கோலத்தை என்னவென்று சொல்ல. சம்பந்தியம்மா சேலையை விட மாட்டேன் என்று அதற்கு மேலே மருமகனின் பழைய ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டார். நான் மருமகனின் பனிக் காற்சட்டைக்குள் இறங்கினேன். இடுப்புப் பட்டி என் நெஞ்சில் நின்றது. மட்டன் றோல்ஸ் ஒரு பெட்டி, பிளாஸ்க்கில் பிளேன்ரீ. காரின் பின் சீற்றில் பேத்தி நடுவில், நாங்கள் இரு கரையும். வழி நெடுகிலும் வெள்ளை வயல். நான் அடிக்கடி திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பூட்டிய வீட்டின் யன்னலால் எட்டிப் பார்க்கிற மாதிரித்தான் இருந்தது. திரை மட்டும் தெரிந்தது.

பண்ணையில் ஒரு பனி மேடு. பெரிய ரப்பர் ரியூப்பில் இருத்தி மேலிருந்து தள்ளிவிடுவார்கள். மகளும் மருமகனும் பேத்தியும் வழுக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்தது நாங்கள். எங்களுக்கு முன்னால் ஒரு ரியூப்.

"நீங்கள் முதலிலை இருங்கோ சம்மந்தி."

"சீச்சீ, நீங்களெல்லோ மூத்தவ. நீங்கள் இருங்கோ."

மூன்று மாதம்தான் மூத்தவள். அதை அவர் அன்றுவரை சொன்னதில்லை, எங்கே கணக்குப் பார்த்து வைத்தாரோ. நான் விடவில்லை, அவரும் விடவில்லை. ரியூப் சும்மா கிடந்தது. பின்னால் சின்னப் பிள்ளைகளின் வரிசை நீண்டது. ஒரு பிள்ளை அழத் தொடங்கியது. தள்ளிவிடுகிற வெள்ளைக்காரப் பெடிச்சிக்கு நாங்கள் பயந்து நிற்கிறோம் என்று எண்ணம் போலிருக்கிறது. இன்னொரு ரியூப்பைக் கொண்டுவந்து இரண்டையும் வாரால் கொழுவி, எங்களைத் தோளில் பிடித்து ஒரே நேரத்தில் இருத்தி, ஒரே நேரத்தில் தள்ளினாள். நான் முருகனைக் கூப்பிட்டேன். அவர் மாதாவைக் கூப்பிட்டார். யார் வந்து காப்பாற்றியது என்று இன்றைக்கும் தெரியாது. கீழே வந்து நின்றபோது அவருடைய கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

இதுதான் நேரம் என்று கேட்டேன். இஞ்சத்தைய சீவியம் பிடிச்சுக்கொண்டுதோ என்றேன். அவர் கையை எடுத்து, ஜக்கெற்றில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, உங்களுக்கெல்லாம் எது சந்தோசமோ அதுதான் எனக்கும் என்றார். என் வாய் என்னிடம் கேட்காமலே, "இருங்கோ சம்மந்தி, என்ன அவசரம்" என்றது. வாய்க்குப் பழகிப்போன பாட்டு. நிமிர்ந்து பார்த்தால் மருமகன் தூரத்தில் நின்று, அறிந்துவிட்டீர்களா என்று புருவத்தைத் தூக்கினார். இல்லை என்று தலையாட்டினேன்.

பிறகு மரங்களுக்கு நடுவே ஒரு பாதை. உள்ளங்கையில் விதை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றால் சின்னக் குருவிகள் வந்து கையில் இருக்கும். என் கைக்கு ஒன்றும் வரவில்லை. நான் நின்றால் வாய் நிற்காது, அதுதான் காரணம். சம்பந்தியம்மாவின் கையில் கறுப்புத் தொப்பி போட்ட மாதிரி ஒரு குருவி வந்திருந்து, விதையைத் தூக்கிக்கொண்டு போய், திரும்பவும் வந்தது. பேத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். "அப்பம்மா, யூ ஆர் லைக் எ ட்றீ" என்றாள். மகள் தமிழில் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. மரம் மாதிரி நிற்கிறாராம். என்னை அவள் அன்றைக்கு முயல் என்றுகூடச் சொல்லவில்லை. இனிக் கிழமைக்கு இரண்டு நாள்தான் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டேன்.

கடைசியாக மிருகங்களின் பட்டி. ஆடு, நீண்ட கழுத்து அல்பாக்கா, அதற்கு அப்பால் ஒரு கழுதை. முதுகில் நீலநிறப் போர்வை, வயிற்றுக்குக் கீழே வாரால் கட்டியிருந்தது. அதைப் பார்க்கச் சனம் வேலியோரம் நெருக்குப்பட்டுக்கொண்டு நின்றது. சம்பந்தியம்மா நின்றார். பிறகு சிரித்தார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்து ஐந்து மாதம். சத்தம் வரச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். மன்னாரில் கழுதை தெருவெல்லாம் திரியும், கடை வாசலில் படுக்கும், பஸ்ஸை மறிக்கும். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இங்கே அதற்குப் போர்வையும் போட்டு, பார்க்க வரிசையும். மற்றவர்கள் அல்பாக்காவிடம் போய்விட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் கழுதையும் மிச்சம்.

அவர் வேலிக்குள்ளால் கையை விட்டுக் கழுதையின் காதடியைச் சொறிந்தார். அது தலையைச் சாய்த்துக் கொடுத்தது. அவர் அதோடு கதைக்கத் தொடங்கினார். என் பக்கம் திரும்பவில்லை. குரல் மட்டும் எனக்குக் கேட்கிற அளவில் இருந்தது.

"நீயும் மகனோடை வந்தனியோ? ம்? போர்வையெல்லாம் போட்டு விட்டிருக்கினம். நேரத்துக்குச் சாப்பாடு. நல்லாத்தான் பாக்கினம், ஒரு குறை சொல்லக் கூடாது." மற்றக் காதடியையும் சொறிந்தார். "எண்டாலும் கேற் பூட்டிக் கிடக்குது, என்ன?"

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு நின்றுவிட்டது. ஐந்து மாதமாகத் தேடிய சாமான் என் காலடியிலேயே கிடந்த மாதிரி. சாடையாகக் கதைக்கிறதில் என்னை வெல்ல ஆளில்லை என்று நினைத்திருந்தேன். நானும் வேலியைப் பிடித்துக்கொண்டு கழுதையைப் பார்த்தே சொன்னேன்.

"கழுதையாரே, கேற்றைப் பூட்டினது ஆரெண்டு உவவிட்டைக் கேளுங்கோ."

"ஒராள் ஒவ்வொரு காலமையும் இருங்கோ, இருங்கோ எண்டா எப்பிடி எழும்பிப் போறதெண்டு கேள். போறன் எண்டா, மருமகள் நல்லாப் பாக்கேல்லை எண்டெல்லோ சனம் சொல்லும். அந்தப் பிள்ளைக்கு அந்தப் பேரை எடுத்துக் குடுக்க ஏலாது."

"அது மரியாதைக்குச் சொன்னதெண்டு சொல்லுங்கோ."

"நானும் மரியாதைக்குத்தான் இருந்தனான் எண்டு சொல்லு."

கழுதை இரண்டு காதையும் இரண்டு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். முதலில் சிரித்தது யார் என்று சொல்ல முடியாது. அதிலும் நீங்கள் முதல், நான் முதல் என்று நின்றிருந்தால் அங்கேயே விறைத்திருப்போம். சிரித்த சிரிப்பில் அவர் கையை மறந்துபோனார். கழுதை மறக்கவில்லை. கையுறையின் பெருவிரலைக் கடித்து இழுத்தது. அவர் கையை உருவ, கம்பளி நீண்டு, பிய்ந்து, அந்தப் பெருவிரல் அதன் வாய்க்குள் போய்விட்டது. கைக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவர் தன் பெருவிரலை ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டு, பிளேன்ரீ ஊற்றுங்கோ என்றார். பிளாஸ்க் மூடியில் ஊற்றி நீட்டினேன். அன்றுதான் அவர் எனக்கு முன்னால், என்னை இருக்கச் சொல்லாமல், வைக்கோல் கட்டு ஒன்றின் மேல் இருந்து குடித்தார்.

திரும்பி வரும்போது, தாய்க்கு ஊருக்குப் போகத்தான் விருப்பம் என்று மருமகனிடம் சொன்னேன். அவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். பின் சீற்றில் தாய் நித்திரை, தோளில் பேத்தி. "போகட்டும் மாமி. நான் அம்மாவிட்டைக் கேட்ட விதம்தான் பிழை" என்று மட்டும் சொன்னார். மகள்தான், நான் என்ன குறை வைத்தேன் என்று இரண்டு நாள் அழுதாள். சம்பந்தியம்மா அவளைத் தன் கட்டிலில் இருத்தி, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே நேருக்கு நேர் கதைத்தார். அதற்குக் கழுதை தேவைப்படவில்லை.

பங்குனியில் புறப்பட்டார். வாசலில் நின்று நான் வழக்கம்போல், "இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாம்தானே சம்மந்தி" என்றேன். அந்தப் பாட்டை அத்தனை மாதம் பாடியும், அதன் பொருள் எனக்கு விளங்கியது அப்போதுதான். அவர் என்னைப் பார்த்து, கண்ணைச் சிமிட்டி, லிஃப்ருக்குள் போனார். உள்ளே வந்து பார்த்தால் என் தலையணையில் பெருவிரல் இல்லாத கையுறை. வலது கைக் கையுறை அவரோடு போயிருந்தது. மன்னார் வெயிலுக்குள் ஒற்றைக் கம்பளிக் கையுறையைக் கொண்டுபோய் இந்த மனிசி என்ன செய்யப் போகிறார் என்று நான் பல நாள் யோசித்தேன். வாட்ஸ்அப்பில் கேட்டால், அடுப்பிலிருந்து தேத்தண்ணிக் கேத்தல் இறக்க என்றார். அதற்கு ஒன்று போதுமா என்று கேட்டேன். சமாளிக்கிறேன் என்றார்.

பேத்தி ஏழு நாளும் எனக்கு என்று ஆனது. முதல் நாளே, திமிங்கிலம் சொல்லு அம்மம்மா என்றாள். நான் திமிங்கிலத்துக்கு ஒரு மாமியாரைக் கட்டிவைத்துச் சமாளித்தேன். இப்போது அவளுக்குப் பதினான்கு வயது. என்னோடு கதைக்க வேண்டுமென்றால் காதிலிருந்து ஒன்றைக் கழற்ற வேண்டும். கழற்றுவாள், நல்ல பிள்ளை. இரண்டையும் கழற்ற மாட்டாள்.

இந்த வருட ஃபமிலி டேக்கும் அதே பண்ணைக்குப் போனோம். கூடையின் அடியிலிருந்து கையுறையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். மேட்டில் நான் ஏறவில்லை. நேரே கழுதையிடம் போனேன். அதே கழுதையோ, அதன் சொந்தமோ. நீலப் போர்வை மட்டும் அதே மாதிரி. பேத்தியைக் கூப்பிட்டு அப்பம்மாவுக்கு வீடியோ போட்டுத் தரச் சொன்னேன். அங்கே இருட்டியிருந்தது. வாசல் லைற் வெளிச்சத்தில் அவர் கதிரையில் இருந்தார். மெலிந்திருந்தார். கேற் விரியத் திறந்து கிடக்க, அதற்கு வெளியே ஒரு மன்னார்க் கழுதை போர்வை இல்லாமல் நின்றது. போனை வேலிக்கு மேலே பிடித்து இந்தக் கழுதையைக் காட்டினேன். அவர் என்னோடு கதைக்கவில்லை. கழுத்தை நீட்டி இதனோடுதான் கதைத்தார்.

"எப்பிடி, இன்னும் உங்கைதான் நிக்கிறியோ? பக்கத்திலை நிக்கிற மனிசியிட்டை ஒண்டு சொல்லு. இஞ்சை ஒரு அறை சும்மா கிடக்குது எண்டு சொல்லு." தன் கேற்றைத் திரும்பிப் பார்த்தார். "மரியாதைக்குச் சொல்லேல்லை எண்டும் சொல்லு."

நான் கழுதையின் காதடியைச் சொறிந்தேன். கழுதை என் கையுறையில் மிச்சமிருந்த விரல்களை மணந்து பார்த்தது. வெளியே நின்ற என் பெருவிரல் குளிரில் சிவந்துபோயிருந்தது.

வீட்டுக்கு வந்து தொப்பி, கழுத்துத் துணி எல்லாவற்றையும் கூடைக்குள் போட்டேன். கையுறையைப் போடவில்லை. அலுமாரியில் பாஸ்போட் இருக்கிற பைக்குள் வைத்தேன். மகள் பார்த்தாள். இந்த முறை அது எதற்கு என்று கேட்டாள்.

கேத்தல் இறக்க என்றேன்.