அட்டை அவித்த கிடங்கு

தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்றுக் காலத்தில் வீட்டு வளவுக்குள் நெருப்பு மூட்டக் கிராமச் சபையின் அனுமதித் துண்டு வேண்டும். முந்திய வருடம் யாரோ குப்பை கொளுத்தப் போய் ஓலைவேலி பிடித்து, நாலைந்து வீடு எரிந்தது. அதற்குப் பிறகு வந்த சட்டம். வேலிக்கு இரண்டு பக்கத்தாரும் கையெழுத்து வைத்தால்தான் துண்டு கிடைக்கும்.

நான் அப்போது சபையில் கூலி. மேற்பார்வைக்குப் போகும் ஓவசியருக்குப் பின்னால் இரண்டு வாளி தண்ணீரோடு போவேன். துண்டில்லாத நெருப்பைக் கண்டால் ஊற்றுவேன். அதுதான் வேலை.

பக்கத்து வளவில் ஓர் அக்கா இருந்தார். சொந்தமில்லை, ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள். புருசன் கடலோடு போன பிறகு, படகுகள் வைத்திருந்த சம்மாட்டியின் கடலட்டையை அவித்துக் கொடுத்துப் பிழைத்தார். வளவில் கிடங்கு வெட்டி, அதன்மேல் சம்மாட்டியின் பெரிய அவியல் பாத்திரமான கிடாரத்தை வைத்திருந்தார். அட்டையை வயிறு கீறி ஒருமுறை அவித்து, மணலில் புதைத்து, தோலைச் சுரண்டி, மறுபடி அவிக்க வேண்டும். இரண்டாம் அவியல் பிந்தினால் கூழாகிவிடும். ஒருதரம் பழுதாக்கினவருக்குச் சம்மாட்டி பிறகு அட்டை கொடுக்கமாட்டார்.

என்னிடம் மூன்று தரம் வந்தார்.

"தம்பி, மற்றப் பக்கத்தார் வைச்சிட்டினம். உன்ர கையெழுத்து ஒண்டுதான்."

"நாளைக்குப் பாப்பம் அக்கா."

"அட்டை நாளைக்கு நிக்காது."

நான் வைக்கவில்லை. ஓவசியர் முன்பே சொல்லியிருந்தார்: "நீ இன்னும் நிரந்தரமில்லை. நெருப்புப் பிடிச்சா கடுதாசியில உன்ர பேர்தான் கிடக்கும்."

மத்தியானம் புகை எழும்பியது. சபைக் கந்தோர் வாசலில் நின்றே கண்டோம்.

"அது உன்ர பக்கமெல்லோ?" என்றார் ஓவசியர்.

வாளிகளைத் தூக்கினேன். போகும் வழியில் சபை உறுப்பினர் ஒருவரின் வளவில் தென்னை மட்டை எரிந்துகொண்டிருந்தது. அவர் எங்களைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தார். ஓவசியர் துண்டு கேட்கவில்லை. குடித்துவிட்டுப் போனோம்.

அக்கா வேலி முழுக்கத் தண்ணீர் தெளித்து, கிடங்கைச் சுற்றி ஈரச்சாக்குப் போட்டிருந்தார்.

"துண்டு எங்க?" என்றார் ஓவசியர்.

"உங்களுக்குப் பின்னால வாளியோட நிக்கிற ஐயாவைக் கேளுங்கோ."

ஓவசியர் சிரித்தார். "ஊத்து."

"தம்பி, அரை மணித்தியாலம். அவிஞ்சிடும்."

ஊற்றினேன். சாம்பல் முகத்தில் அடித்தது. அடியில் தணல் இன்னும் கிடந்தது.

"மற்ற வாளியைக் கிடாரத்துக்குள்ள ஊத்து. இல்லாட்டி நாங்கள் போனவுடனே மூட்டுவா."

குளத்துத் தண்ணீர். மண்ணிறமாக இருந்தது. அதையும் ஊற்றினேன்.

மறுநாள் காலையில் நாற்றம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. சம்மாட்டியின் ஆள் வந்து கிடாரத்துக்குள் கைவிட்டுப் பார்த்தான். கையை அக்காவின் வேலியில் துடைத்தான்.

"கழுவித் தாங்கோ, கொண்டு போகவேணும்."

அக்கா கழுவினார். அவன் அதைத் தலையில் வைத்தபடியே எங்கள் வேலிப் படலைக்கு வந்தான். "உங்கட வீட்டில அவிக்க ஆள் இருக்கோ?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஓம் என்று தலையாட்டினேன்.

எங்களுக்கும் துண்டு வேண்டும், அதற்கு அக்காவின் கையெழுத்து வேண்டும். கடுதாசியோடு ஓவசியரே வந்தார்.

"வைக்காட்டி?" என்று கேட்டார் அக்கா.

"வைக்காட்டிக் காரணம் எழுதித் தரவேணும். எழுத்துத் தெரியுமோ?"

"என்ர பேர் மட்டும் எழுதுவன்."

"அது காணும்."

எழுதினார்.

மனைவிக்கு வயிறு கீறத் தெரியாது. அக்காவைக் கூலிக்குக் கூப்பிட்டாள். வந்தார். எங்கள் கிடங்குக்குப் பக்கத்தில் குந்தியிருந்து ஒரு கிழமை முழுக்கக் கீறினார். ஒருநாள் மனைவி கேட்டாள்:

"அக்கா, இவ்வளவு நெருப்புக் காணுமோ, இன்னும் எரிக்கவோ?"

அக்கா நிமிரவில்லை. "தெரியாது பிள்ளை. கீறத்தான் என்னைக் கூப்பிட்டனீங்கள்."

அன்று நெருப்புக் கூடிப் பாதி அட்டை வெடித்துப் போனது. நாளைக்கு வரவேண்டாம் என்று மனைவி சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அக்கா கத்தியைக் கழுவி, எங்கள் கத்தி என்பதால் எங்கள் வாசல் திண்டில் வைத்துவிட்டுப் போனார்.