பழைய தழும்பு திறந்த மாதம்

முதலில் வேப்பங்குச்சியில் இரத்தம் தெரிந்தது. ஈறுதானே என்று வாயைக் கொப்பளித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அது யுத்த காலம். கணவர் காய்ச்சலில் இறந்தபின் சேலத்தை விட்டு எருமப்பட்டிக்கு வந்து, சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டு, ஒற்றை அறையில் தனியாக இருந்தேன்.

அதற்கு எட்டு மாதத்துக்கு முன்பு எனக்கு வயிற்றுப்புண் கண்டிருந்தது. நாமக்கல்லில் ஒரு வைத்தியர் நாற்பது நாள் பத்தியம் சொன்னார். புளிப்பு, காரம், காய், பழம் ஆகாது. காய்ச்சிய பாலும் அரிசிக் கஞ்சியும் மட்டும். வலி நின்றது. நாற்பது நாள் முடிந்தும் நான் பத்தியத்தை விடவில்லை. வலி திரும்புமோ என்று பயம். அதைவிட, என் ஒருத்திக்காகக் குழம்பு வைக்க மனம் வரவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் என்னைப் போலத் தனியாகப் பத்தியம் இருப்பவர்கள் இதை வாசிக்கக்கூடும்.

பிறகு கால்களிலும் கைகளிலும் ஊதாக் கறைகள் படர்ந்தன. முழங்கால் வீங்கியது. பெருநோய் (தொழுநோய்) என்று ஊரில் பேச்சு கிளம்பியது. பள்ளி நிர்வாகி என் அறைக்கு வெளியே நின்றபடி, "கொஞ்ச நாள் லீவுல இருங்க டீச்சர்" என்றார். உள்ளே வரவில்லை.

மூன்று வாரம் அடைந்து கிடந்தேன். ஒருநாள் காலையில் புடவையில் ஈரம் பட்டது. அடிவயிற்றில் பதினோரு ஆண்டுக்கு முன்பு செய்த சிசேரியன் (வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்கும் அறுவை) தழும்பு ஒரு முனையில் விரலளவு பிரிந்திருந்தது. அந்தக் குழந்தை மூன்று நாள்தான் உயிரோடு இருந்தாள். ரோசலி என்று ஞானஸ்நானம் ஆயிற்று.

துணியை மடித்து வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். யாரிடம் சொல்வது? எனக்கு ஒரு குழந்தை பிறந்ததே அந்த ஊரில் யாருக்கும் தெரியாது.

அறையை வாடகைக்கு விட்டிருந்த பாவாயக்காதான் கதவைத் தட்டினார்.

"ஏனுங்க டீச்சரம்மா, உங்க அடுப்புல பொகையே காணமுங்களே?"

"கிட்ட வராதீங்க அக்கா. என்ன நோய்னு தெரியல."

அவர் நிலைப்படியைத் தாண்டவில்லை. ஆனால் போகவும் இல்லை. "நாளைக்கு எங்க ஊட்டு வண்டி நாமக்கல் போவுதுங்க. அங்கிருந்து சேலத்துக்குப் பஸ் இருக்குது. நானும் நாமக்கல் வரைக்கும் வாரேன். ஏறி உக்காருங்க சாமி" என்றார். வண்டியில் அவர் முன்பக்கமும் நான் பின்பக்கமுமாக உட்கார்ந்து போனோம்.

சேலம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் ஈறுகளையும் கறைகளையும் பார்த்தார். தழும்பை நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

கணவர் போனபின் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. பதில் சொல்லுமுன் அழுதுவிட்டேன். அழுது முடிக்கும்வரை அவர் காத்திருந்தார். மாதக்கணக்காகப் பாலும் கஞ்சியும்தான் என்றேன்.

"இது பெருநோய் இல்ல. ஸ்கர்வி" என்றார். (பழம், காய்களில் உள்ள உயிர்ச்சத்து குறைவதால் வரும் நோய்.) "ஆட்டுக்கால் சூப்பு ஆறினா கெட்டியா உறையுமே, அது எதனாலன்னு தெரியுமா? கொலாஜன்னு ஒரு புரதம். தோல், எலும்பு, நரம்பு எல்லாத்தையும் நார் மாதிரி கட்டி வெக்கிறது அதுதான். தழும்பே அந்த நாரால ஆனதுதான்."

"அது ஆறிப் பதினோரு வருஷம் ஆச்சு டாக்டர்."

"ஆறினதோட முடிஞ்சிடறதில்லம்மா. பழைய நார் தேயும், புதுசு வரணும். எலுமிச்சை, நெல்லிக்காயில இருக்கிற சத்து இல்லேன்னா புதுசு உறுதியா வராது. அப்போ பழைய காயமும் பிரியும்."

யுத்தத்தால் மாத்திரை கிடைப்பது அரிதாக இருந்தது. தண்ணீர் கலந்த எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா, கீரை என்று கொடுத்தார்கள். நான்காம் நாள் ஈறு கசிவது நின்றது. காயம் மூட மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. பார்வையாளர் நேரத்தில் மற்றக் கட்டில்களைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வேன். ஒரு பிற்பகல் காயத்துக்குக் கட்டு மாற்ற வந்த நர்ஸ், "என்ன குழந்தைம்மா?" என்று கேட்டாள். "பொண்ணு. ரோசலி" என்றேன். அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொல்லிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஊர் திரும்பினேன். டாக்டரம்மாவின் சீட்டைப் பார்த்துவிட்டுப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். சில தாய்மார்கள் இன்னும் விலகித்தான் நடக்கிறார்கள். தினமும் ஒருத்திக்காகச் சமைக்கிறேன். சுவை தெரிந்து சாப்பிடுகிறேன் என்று சொல்ல முடியாது. ஆனால் சாப்பிடுகிறேன்.

முன்பெல்லாம் ரோசலி போய் இத்தனை ஆண்டு என்று எண்ணி, அந்தத் தூரத்தை நம்பியிருந்தேன். என் உடம்புக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை. நான் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போதும் உடம்பு அவள் வந்த வழியை இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வேலையை அது ஒருநாளும் முடித்ததில்லை.