சாவிக்கொத்து வேண்டாம் என்றாள்

"ஆடி, மூன்றாம் வெள்ளி. உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே. வெயில் ஏறிய பிறகு. விழுந்தது நான். ஆதாரம்: மனைவி."

என் நாட்குறிப்பில் எதற்கும் ஆதாரம் எழுதிவிடுவேன். ஏரி நிரம்பிய நாளுக்கும் மின்சாரம் போன நேரத்துக்கும் நானே சாட்சி. என் வலிப்புக்கு மட்டும் நான் சாட்சி இல்லை. எனக்குத் தெரிவதெல்லாம் அது அடங்கிய பிறகு வரும் சில நிமிடங்கள்தான். காது கேட்கும், வாய் எழாது. உடம்பு முழுக்க ஒரு இதமான கனம் இருக்கும். அன்று முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வழிந்ததாம். வலியே தெரியவில்லை.

டீக்கடைக்காரர் சாவிக்கொத்தோடு ஓடி வந்தார். கையில் இரும்பைக் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று எங்கள் பக்கத்தில் நம்புகிறார்கள். அதனால் நிற்காது என்று எனக்கும் மனைவிக்கும் தெரியும். ஆனால் அந்தச் சாவி என் உள்ளங்கைக்கு வந்துவிட்டால், எனக்கு என்ன நோய் என்று கடைத்தெருவுக்கே தெரிந்துவிடும். யாருக்கும் தெரியக் கூடாது என்று கல்யாணமான புதிதில் அவளிடம் கேட்டுக்கொண்டவன் நான்.

அவள் அவர் கையைத் தடுத்தாள்.

"வலிப்பெல்லாம் இல்லண்ணா. குடிச்சிட்டு வந்துகீறாரு."

எனக்கு அது கேட்டது. அந்த இதத்தில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அதே மாதம்தான் அவள் மதுக்கடையை ஊரைவிட்டுத் தள்ளி வைக்கச் சொல்லி, வீடு வீடாகப் பெண்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். அதற்காகக் கூடிய பெண்களின் அடுத்த கூட்டத்தில் ஒருத்தி, "மொதல்ல உன் வூட்ட பாரு அண்ணி" என்றாளாம். அதோடு அவள் போவதை நிறுத்திவிட்டாள்.

நான் வழக்கம்போல் அந்த இதத்துக்குக் காரணம் தேடிப் படிக்கப் போனேன். மூளை தானாகவே அபினைப் போன்ற பொருள்களைச் சுரக்கிறது. வலிப்பின்போது அவை பெருகுகின்றன. வலிப்பை அடக்குவதிலும், அடங்கிய பின் வலி தெரியாமல் மந்தமாகக் கிடப்பதிலும் அவற்றுக்குப் பங்கு இருக்கலாம். சில சமயம் அவையே வலிப்பைத் தூண்டவும் கூடும் என்பதால் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. இதைச் சமையலறை வாசலில் நின்று அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் மனம் லேசாகும் என்று எப்படித்தான் நினைத்தேனோ.

"அப்ப உள்ளயே சரக்கு ஊறுது. நான் சொன்னது பொய்யில்ல" என்றாள். கொஞ்ச நேரம் அரிசி களைந்தாள். "ரோட்டுல உன் தலைய மடில வெச்சிக்கினு குந்தினு இருந்தேனே. எனக்கு ஒண்ணும் ஊறலயே."

மறுநாள் டீக்கடைக்குப் போனேன். அன்று எனக்கு வந்தது வலிப்புதான், நான் குடிப்பதில்லை, கூட்டத்துப் பெண்களிடமும் இதைச் சொல்லுங்கள் என்றேன். சொல்லும்போது என் குரல் தாழ்ந்துபோனது எனக்கே கேட்டது. அவர் டீயை ஆற்றிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார்.

"வுடுங்க சார். குடிச்சவங்க எல்லாம் காலைல இன்னா சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டீயைக் குடிக்காமலே எழுந்து வந்தேன். கூட்டம் நடக்கும் இடத்துக்கு நானே போய்ச் சொல்ல வேண்டும். இன்னும் போகவில்லை.

நாட்குறிப்பில் அந்த வெள்ளிக்கிழமைக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "அன்றைய இதத்துக்குக் காரணம் மூளையின் அபினா, வெறும் களைப்பா? சரிபார்க்கப்படவில்லை."