வாரண்டின் மறுபாதி

இது கட்டிச் சொன்ன கதையல்ல. தேதியும் மணியும் பட்டாளத்துப் புத்தகத்தில் ஏறி, கையெழுத்தும் ஆன விஷயம். நடந்தது 1932, மார்ச் 12, சனிக்கிழமை. மந்தைவெளியில், பட்டப்பகலில்.

லான்ஸ் நாயக் கலீமுல்லாவுக்கு அப்போது கல்யாணமாகி இருபது நாள். மனைவி நஸ்ருன்னிசா ஆற்காட்டில் தாய்வீட்டில் இருந்தாள். பட்டாளத்தில் எல்லோரும் குடும்பம் வைத்துக்கொள்ள முடியாது. நூறு பேரில் பத்துப் பேருக்குத்தான் அனுமதி. அந்தப் பத்தில் ஒருவருக்குப் பென்ஷன் ஆனதால் கலீமுல்லாவின் முறை வந்தது. வீட்டு வாடகையைப் பட்டாளம் கொடுக்கும். மனைவி வருவதற்கு ரயில் வாரண்டும் கொடுக்கும். அந்தக் காகிதத்தை ஸ்டேஷனில் கொடுத்தால் டிக்கெட் வாங்க வேண்டாம். நிபந்தனை ஒன்றுதான். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஹவில்தார் வந்து பார்க்கும்போது மனைவி வீட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வரிசையில் அடுத்தவன். மறுபடி முறை வர நாலு வருஷம் ஆகலாம், ஆறும் ஆகலாம்.

மந்தைவெளியில் ஒரு வீடு பிடித்தான். ஓர் அறை, முன்னால் சின்ன முற்றம். கட்டி மூன்று மாதம்; சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. அவனுக்கு முன் அதில் யாரும் குடியிருந்ததில்லை. யாரும் சாகவும் இல்லை. வீட்டில் ஒரு சாமான் கிடையாது. பாய், பாத்திரம், குடம் எல்லாம் பெண்ணோடு வரும் சீரில் இருந்தன.

இரண்டரை மணி ரயிலுக்கு சென்ட்ரல் போனான். ரயில் வந்தது. கூட்டம் கலைந்தது. அவள் இறங்கவில்லை. பெண்கள் பெட்டியை இரண்டு தடவை எட்டிப் பார்த்தான். காலி. அடுத்த ரயில் ஐந்தரைக்கு.

நாலே காலுக்கு வீடு திரும்பிப் பூட்டைத் திறந்தான். கையோடு கொண்டுவந்திருந்த பட்டாளத்துப் போர்வையை எடுத்து அறை வாசலில் திரையாகக் கட்டினான். அந்நிய ஆண்கள் முன் வராத கோஷாப் பெண்ணை வெளியே வரச் சொல்லும் வழக்கம் எந்த ஹவில்தாருக்கும் இல்லை. வந்துவிட்டாள், உள்ளே இருக்கிறாள் என்று சொல்லிவிடலாம். இரண்டு மணி நேரத்தில் அது உண்மையாகிவிடும்.

ஐந்து மணிக்கு ஹவில்தார் நாகராஜ் புத்தகத்தோடு முற்றத்தில் வந்து நின்றார்.

“இன்னா நைனா, புது மாப்ளே! மூஞ்சி இன்னாத்துக்கு இப்டி வெளுத்துக் கீது? வூட்ல வந்தாச்சா?”

“வந்தாச்சுங்க. உள்ள இருக்காங்க.”

“நான் பாக்கணும்னு சொல்லல. கோஷா, தெரியும். ஆனா போன வருசம் ஒருத்தன் என்னை வெறும் துணிக்கு சலாம் வைக்க வச்சிட்டான்பா. அதனால ஒரு சத்தம் குடுக்கச் சொல்லு. வளைய ஆட்டினாப் போதும்.”

கலீமுல்லா, தூங்குகிறாள் என்று சொல்ல வாயெடுத்தான்.

திரைக்குப் பின்னால் வளையல் குலுங்கியது.

கண்ணாடி வளையல். இரண்டு முறை.

ஹவில்தார் சிரித்துக்கொண்டே எழுதினார். மனைவி ஆஜர். மணி 5.04.

அப்போது திரையின் அடியிலிருந்து ஒரு பித்தளைத் தம்ளர் மெல்ல நகர்ந்து வந்தது. விளிம்பு வரை தண்ணீர்.

வீட்டில் தம்ளர் கிடையாது. குடமும் கிடையாது.

“மரியாத தெரிஞ்ச பொண்ணு.” ஹவில்தார் எடுத்துக் குடித்தார். “ஜில்லுனு கீதுப்பா. எந்தக் கெணறு?”

கலீமுல்லா தெருப் பக்கம் கையைக் காட்டினான்.

5.10. ஹவில்தார் போய்விட்டார்.

முற்றத்தில் அவன் மட்டும்.

காற்று இல்லை. திரை அசைந்தது...

“யாரு?”

தரையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்திருக்கும்போது வரும் துணிச் சத்தம்...

திரையை இழுத்தான்.

அறை காலி.

தரை காய்ந்து கிடந்தது.

ஆறு நாற்பதுக்கு வாசலில் ஜட்கா வந்து நின்றது. நஸ்ருன்னிசாவும் அவள் அண்ணன் குலாம் முகம்மதுவும் இறங்கினார்கள்.

“கோவிச்சுக்காதீங்க மாப்ளே,” என்றார் அண்ணன். “இவ வாரண்டத் தொலைச்சிட்டா. தேடுறதுக்குள்ள முதல் வண்டி போயிடுச்சு. காசு குடுத்து டிக்கெட் எடுத்தேன்.”

“நான் தொலைக்கலைங்க.” நஸ்ருன்னிசா முந்தானை முனையை நீட்டினாள். “இதுல முடிஞ்சு வச்சிருந்தேன். தொட்டுப் பாருங்க. முடிச்சு போட்டது போட்டபடி இருக்கு. உள்ள காயிதம் இல்லை.”

தொட்டுப் பார்த்தான். இறுகிய முடிச்சு. உள்ளே ஒன்றும் இல்லை.

நடந்ததை அவன் சொல்லவில்லை. சொன்னால் அண்ணன் அந்த ஜட்காவிலேயே தங்கையைத் திரும்ப ஏற்றியிருப்பார். அவள் முற்றத்தில் கிடந்த தம்ளரை எடுத்தாள்.

“நல்ல ஆளுங்க நீங்க. குடம் வாங்காம தம்ளர் வாங்கி வச்சிருக்கீங்களே!”

அவள் சிரித்தாள். அவனும் சிரித்து வைத்தான்.

மார்ச் 21, திங்கட்கிழமை. பிற்பகல் 3.10. ஆபீஸ் குமாஸ்தா கஸ்தூரிரங்கன் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் ரயில்வே அனுப்பிய ஒரு காகிதம்.

காணாமல் போன வாரண்ட். சென்ட்ரல் முத்திரை. மார்ச் 12, 2.30 வண்டி. பயணி: பெண், ஒருவர்.

“இந்த வண்டியில வந்தது உம்ம பெண்டாட்டிதானேன்னு எழுதியிருக்கேன். கீழ ஒரு கையெழுத்துப் போடும். ரயில்வேக்காரன் பணம் கேக்கறான்.”

“இல்லைன்னு சொன்னா?”

“சொல்லுமேன். அப்போ அஞ்சு மணிக்கு ஆத்துல இருந்தது யாருன்னு ஹவில்தார் கேப்பார். உமக்கு அனுமதியும் போச்சு, வீடும் போச்சு. அவ மறுநாளே ஊருக்குப் போக வேண்டியதுதான். ஏங்காணும், கல்யாணமான புதுசிலேயே பெண்டாட்டி அடையாளம் தெரியலையோ?”

கலீமுல்லா பேனாவை வாங்கினான். அந்தப் பெண் என் மனைவிதான் என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டான்.

குமாஸ்தா மையை ஒற்றியெடுத்தார்.

“இது வரதுக்கான பாதி. போறதுக்கான பாதி அவகிட்டதான் இருக்கும். ஊருக்குப் போறச்சே ஸ்டேஷன்ல குடுத்தா இங்க வந்து சேந்துடும். பத்திரமா வச்சுக்கச் சொல்லும்.”

மறு வருஷம் அந்தப் பட்டாளத்தைக் கலைத்தார்கள். ஆபீசை மூடும்போது, திரும்பி வராத வாரண்டுகளுக்கு ஒரு பட்டியல் எடுத்தார்கள். அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது.

மந்தைவெளி. பெண், ஒருவர். இன்னும் போகவில்லை.