விற்க நினைத்த ஜப்பான் கார்

நண்பர் இர்ஃபானிடம் ஜப்பானிலிருந்து இறக்குமதியான ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. பிரேக் பேட் தேய்ந்தால்கூட அங்கிருந்துதான் வரவேண்டும்.

"பெட்ரோலா குடிச்சிக்கினு இருக்குதுண்ணா. இத்த வித்துட்டா நிம்மதி," என்று அவர் மனைவி ஷபானா என்னிடம் புலம்பியதால், இன்று காலை கார் வாங்க ஒருவரை அழைத்துப் போனேன்.

வந்தவர் ஓட்டிக் காட்டச் சொன்னார். இர்ஃபானுக்குக் கையில் கட்டு. அதனால் ஷபானா முதல்முறையாக அந்த வண்டியை எடுத்தார். நான் பின்சீட்டில் மடங்கி உட்கார்ந்தேன்.

பைபாஸில் மூன்றாவது கியர் விழுந்ததும் ஷபானா பேச்சை நிறுத்தினார். திரும்பவேண்டிய இடத்தில் திரும்பவில்லை. திருமுக்கூடல் வரை போய்விட்டுத்தான் வந்தோம்.

வாசலில் இறங்கிய ஷபானா, "தப்பா நெனச்சிக்காதீங்கண்ணா, வண்டிய விக்கிறதா இல்ல," என்றார்.

இர்ஃபான் சிரித்துக்கொண்டே சாவியைக் கேட்டார். கிடைக்கவில்லை.

யாராவது கார் விற்பதாக இருந்தால் சொல்லுங்கள். வாங்க வந்தவர் இன்னும் என் வீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார்.